முழுசாத் திறந்த லென்ஸ்

“சகலை, நான் புதுசா வாங்கின லென்ஸ் என் வீட்டுக்காரியையும் உன் வீட்டுக்காரியையும் கன்னத்தோட கன்னம் ஒட்டி உட்கார வைக்கும். வைக்கலேன்னா என் மீசையை எடுத்துடறேன்!”

இளைய சகலையான ஸ்டுடியோக்காரர் குடித்துக்கொண்டிருந்த காபி மூக்கு வழியாக வந்தது.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற மூத்த சகலை எதைச் சொன்னாலும் நாலால் வகுத்துத்தான் நம்ப வேண்டும். இதை நாற்பதால் வகுத்தும் நம்ப முடியவில்லை. அக்காவும் தங்கையும் பேசி வருஷக்கணக்காகிறது. காரணம், அக்கா மகள் கல்யாணத்தில் ஸ்டுடியோக்காரர் எடுத்த குடும்பப் படம். அதில் அக்காவின் தோளுக்குப் பின்னால் தங்கையின் பாதி மூக்கு மட்டும் தெரிந்தது. “வேணும்னே மறைச்சுட்டா” என்றாள் தங்கை. “யாரு இவளைப் பின்னால போய் ஒளியச் சொன்னது?” என்றாள் அக்கா. படம் எடுத்தவருக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

இப்போது வெளியூரில் இருக்கும் அவர்களுடைய அம்மா போனில் கேட்டுவிட்டாள், “ரெண்டு பேரும் சேர்ந்தாப்ல ஒரு படம் அனுப்புங்கடி” என்று. “தனித்தனியா எடுத்து ஒட்டிடச் சொல்லுங்க” என்று இரண்டு பேருமே அவரவர் புருஷனிடம் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

“லென்ஸே சரியில்லண்ணே” என்றார் ஸ்டுடியோக்காரர், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நேத்து முளைச்ச கம்பெனி. ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, கையால திருகணும். விலையோ யானை விலை.”

“இருட்டுல பூனை மீசையை எண்ணலாம் சகலை!”

“எண்ணி என்ன பண்ணப் போறீங்க?”

“கேளு. உள்ள இருக்கற துவாரத்தை முழுசாத் திறந்து வச்சா இதோட ஃபோகஸ் நூல் கனம்தான். ஒருத்தி மூக்கு முன்னால, இன்னொருத்தி மூக்கு பின்னாலன்னு இருந்தா ஒருத்தி புகையாயிடுவா. அப்போ, ஒட்டித்தானே ஆகணும்?”

“வளையத்தைத் திருகித் துவாரத்தைக் கொஞ்சம் மூடிட்டா எல்லாருமே தெளிவா விழுவாங்களே?”

“அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அதுங்களுக்குத் தெரியுமா?” கண்டக்டர் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

உள்ளேயிருந்து அக்கா அந்த லென்ஸ் மாட்டிய காமிராவோடு வந்தாள். மிக்ஸி வாங்கினாலும் மெத்தை வாங்கினாலும் கூட வரும் காகிதத்தை ஒரு வரி விடாமல் படிக்கிற மனுஷி. அவள் புருஷன் அதை டப்பாவோடு வீசுகிற ரகம்.

“இந்தாங்க, துடைச்சு வச்சிருக்கேன். வந்த நாள்லேர்ந்து நீங்க எடுத்த படத்துல எல்லாம் என் காதுதான் இருக்கு, ஆளைக் காணோம். இன்னிக்கு உருப்படியா ஒண்ணு விழலேன்னா, நாளைக்கு இந்த லென்ஸ் வந்த கடைக்கே போயிடும். சொல்லிட்டேன்.”

கண்டக்டரின் முகம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி ஆனது.

நண்பகல் வெயில் ஜன்னல் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சோபாவின் இந்தக் கோடியில் அக்கா, அந்தக் கோடியில், அம்மாவுக்காக வந்திருந்த தங்கை. நடுவில் ஒரு குடும்பம் சட்டிபானையோடு குடியேறலாம்.

“உள்ள தள்ளி உட்காருங்க, உள்ள தள்ளி! நடுவுல இடம் சும்மா கிடக்கு!” கண்டக்டருக்குப் பழைய குரல் வந்துவிட்டது.

இருவரும் ஆளுக்கு ஒரு விரல்கடை நகர்ந்தார்கள்.

“ஒருத்தர் புகையாத் தெரியறீங்க.”

“யாரு?” இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

“நெருங்காதவங்க!”

“மறுபடியும் நான் பாதி மூக்கா மாமா?” என்று தங்கை எழப்போனாள். ஸ்டுடியோக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். போச்சு, இன்னும் பத்து வருஷம்!

அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “உட்காருடி. இந்தத் தடவை நீ முன்னால வா.”

தங்கை வந்தாள். அக்கா சாய்ந்தாள். கன்னத்தோடு கன்னம் ஒட்டியது.

“இன்னமும் அதே பவுடராக்கா?”

“இன்னமும் அதே வாய்டி உனக்கு.”

இருவரும் குலுங்கிச் சிரிக்க, கண்டக்டர் அமுக்கினார். “ஆகா! திருகவே வேண்டியதில்ல, எடுத்ததுமே கண்ணாடி மாதிரி இருக்கு! கை பழகிடுச்சு சகலை!”

அக்காவும் தங்கையும் சமையலறைக்குப் போனார்கள். அங்கிருந்து வந்த பேச்சுக்கு முற்றுப்புள்ளி, கால்புள்ளி எதுவும் இல்லை.

ஸ்டுடியோக்காரர் காமிராவை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். இரண்டு முகமும் பளிச். சந்தோஷம். பின்சுவர்க் காலண்டரின் தேதியும் பளிச். அதற்குப் பக்கத்தில் அலமாரிப் பூட்டின் சாவித் துவாரமும் பளிச். அவர் லென்ஸைத் திருப்பி வளையத்தைப் பார்த்தார்.

“அண்ணே, இது இறுக்க மூடியில்ல இருக்கு? இப்படி வச்சா அவங்க ஆளுக்கு ஒரு கோடியில உட்கார்ந்திருந்தாலும் தெளிவா விழுந்திருப்பாங்களே. நீங்களா மூடினீங்க?”

“நானா? வாங்கின நாள்லேர்ந்து முழுசாத் திறந்தேதானே கிடக்கு!”

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “துடைக்கும்போது நான்தாங்க மூடி வச்சேன். காகிதத்துலதான் தெளிவாப் போட்டிருக்கே, மூடி வச்சா எங்க உட்கார்ந்தாலும் பளிச்சுனு விழும்னு! லென்ஸ் இருந்துட்டுப் போகட்டும், விடுங்க.”

கண்டக்டரின் கை தானாக மீசைக்குப் போனது. ஸ்டுடியோக்காரர் சமையலறைச் சிரிப்பு வந்த பக்கம் கையைக் காட்டினார்.

“ஒட்டித்தான் உட்கார்ந்தாங்கண்ணே, ஒத்துக்கறேன். ஆனா உங்க லென்ஸுக்காக இல்ல.”