எப்பவும் விறைப்பு

மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை வைத்த பெரிய மாதிரி விமானம் அது. ரிமோட்டில் நிஜமாகவே பறக்கும். இறக்கைகள் பிய்ந்துவிடாமல் இழுத்துப் பிடித்திருந்தது, பல இழைகளை முறுக்கிச் செய்த எஃகுக் கம்பி. பக்கத்திலேயே, பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று வெள்ளிப் பூச்சு அடித்த எலாஸ்டிக் நூல் ஒன்றையும் கட்டியிருந்தார்கள். வெறும் அழகுக்குத்தான் என்பதை நூலிடம் யாரும் சொல்லவில்லை.

"என்னப்பா, இறக்கையை மாட்டும்போதெல்லாம் உன்னைத் திருகித் திருகி இறுக்க வேண்டியிருக்கு? என்னைப் பாரு, எப்பவும் விறைப்பு!" என்றது நூல்.

"பாரம் இழுக்குதுண்ணே," என்றது கம்பி.

"பாரமா? எனக்கொண்ணும் தெரியலையே!"

ஒருநாள் வானத்தில் விமானம் குட்டிக்கரணம் அடிக்கையில் கம்பியின் ஓர் இழை விட்டுப்போனது. "அண்ணே, கொஞ்சம் பிடிச்சுக்குங்க!" என்று அலறியது கம்பி.

"பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றது நூல், எரிச்சலோடு.

கம்பி அறுந்தது. இறக்கை மடங்கியது, அது போன பக்கமெல்லாம் நூலும் நீண்டு கொடுத்தது. விமானம் வயலில் விழுந்து சுக்குநூறானது. அத்தனை சிதறலில் முழுசாகக் கிடைத்தது நூல் ஒன்றுதான். அதைத் துடைத்துப் புது விமானத்தில் கட்டினார்கள்.

பக்கத்தில் புதுக் கம்பி. அதனிடம் நூல் சொன்னது: "பழைய விமானத்துல உன்னை மாதிரி ஒருத்தன் இருந்தான். பாதியிலேயே கையை விட்டுட்டான். கடைசிவரைக்கும் பிடிச்சிருந்தது நான்தான்."

புதுக் கம்பி பயபக்தியோடு கேட்டுக்கொண்டது.

"பாரம் தாங்கலைன்னா சொல்லு தம்பி. நான் இருக்கேன்!"