பச்சைத் தகடு

ரப்பர் தோட்டத் துரைக்கு நாகமுத்து தரவேண்டியது நாற்பத்தாறு வெள்ளி எழுபது காசு.

அவன் கேட்டு வாங்கிய கடன் அல்ல. துரையின் பந்தயக் காரில் எஞ்சின் வெந்துபோனதற்காகக் கணக்கெழுதும் கிராணி தம்புசாமி அவன் தலையில் கட்டியது. மாதம் ஐந்து வெள்ளி பிடித்தம்.

வெந்ததற்குக் காரணம் துரையின் பயம்.

காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் சுடுகிறார்களே என்று காரின் முகத்தை இரும்புத் தகட்டால் மூடச் சொன்னார். காற்று எங்கே நுழையும்? ஆயில் கொதித்துத் தண்ணீராய் இளகியது. எஞ்சின் வயிற்றில் அடைபட்ட புகை, போக வழியில்லாமல், அந்த ஆயிலையும் சந்துபொந்தெல்லாம் துப்பியது.

ரப்பர் பால் ஸ்டோர் எஞ்சினைப் பதினோரு வருடமாக ஓட்டுகிற நாகமுத்து இதை அன்றே சொன்னான். துரைக்குப் புரியவில்லை. கிராணிக்கு எதுவுமே புரியாது; அதனால்தான் அவர் கிராணி.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலும் குண்டு பாய்ந்தது. பலகைச் சுவரைத் துளைத்து வந்து முனியம்மா வீட்டு அரிசிப் பானையை உடைத்தது. சுவருக்குத் தகடு கேட்டதற்குத் துரை சிரித்தார். உங்களை யார் குறிவைத்துச் சுடப்போகிறார்கள் என்றார்.

அப்புறம் அடுத்த மலையேற்றக் கார்ப் பந்தயம் வந்தது. கோப்பை கிடைத்தால் கடன் தள்ளுபடி. மறுபடி வெந்தால் நாகமுத்துவுக்கு வேலை இல்லை.

அவன் செப்புக் குழாயைச் சுருள் சுருளாக வளைத்து, ஆயிலை அதில் சுற்றவிட்டு, சுருளைக் காரின் முகத்தில் வைத்தான். எஞ்சின் புகை மூச்சுவிடத் தனிக் குழாய் ஒன்று. தகட்டில் காற்று புக ஐந்து வெட்டு. மேலே பச்சை பெயிண்ட்.

திங்கட்கிழமை, ஆட்கள் அணிவகுக்கும் காலைப் பெரட்டில், துரை அந்தக் காரிலேயே கோப்பையோடு வந்து இறங்கினார். அதில் கால் படி அரிசி கொள்ளாது.

"இந்த முறை வண்டிக்குக் கனமே இல்லே. நம்ம கை அப்படி!"

துரை முடிப்பதற்குள் கிராணி கைதட்டினார்.

தகட்டின் பலத்தை ஆட்களுக்குக் காட்டத் துரை பிரம்பை ஓங்கினார். நாகமுத்து குறுக்கே பாய்ந்தான்.

"தட்டாதீங்க தொரை! கீறலுக்கு விடியக்காலையிலதான் பெயிண்ட் அடிச்சேன், இன்னும் காயல. சட்டையில தெறிச்சிரும்."

குண்டுக்கு அடுத்தபடி துரை பயப்படுவது சட்டைக் கறைக்கு. தட்டாமலே பிரம்பு இறங்கியது.

கிராணி, சொந்தப் பணம் போகிறவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, கணக்கில் சிவப்புக் கோடு இழுத்தார். நாற்பத்தாறு வெள்ளி எழுபது காசு தீர்ந்தது.

மத்தியானம் நாகமுத்து லயத்துக்குப் போனான். மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைமாட்டில், ரப்பர் மரங்களைப் பார்த்த பலகைச் சுவரில், பழைய கைலி ஒன்று தொங்கியது.

துரையின் காரில் இப்போது பச்சை பெயிண்டுக்கு அடியில் இருப்பது மண்ணெண்ணெய்த் தகரம்.

நாகமுத்து கைலியை விலக்கி, விரலை மடக்கி, பிள்ளை விழிக்காதபடி மெல்லத் தட்டினான்.

இரும்பு இரும்பாகத்தான் ஒலித்தது.