வாள் உறையின் மூன்று முடிச்சு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெஷின் பார்க்க பிலிப்பைன்ஸிலிருந்து வந்து தமிழும் பழகிவிட்ட ரோடெல், ஜாஸ்மினின் தையல் மேசையில் ஒரு நூறு வருட வாளை வைத்தான்.

"வாள் எங்க நாட்டுப் பனாய் தீவுல செஞ்சதுனு மியூசியத்துல கண்டுபிடிச்சிட்டாங்க அக்கா. உறையோட தோல் வாரு மட்டும் எந்த ஊர்துனு தெரியல. கப்பல்ல போன எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு, வாரு அறுந்தப்ப ஒரு அம்மா காசு வாங்காம புதுசு தைச்சுக் கொடுத்தாங்களாம். அந்த ஊருக்கு நன்றி சொல்லுடானு எங்கப்பா படுத்த படுக்கையில கேக்கறாரு."

ஜாஸ்மின் வாரை முகர்ந்தாள். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய ஆட்டுத்தோல். அவளுடைய தோள்பை வாரும் அதே தோல்தான்.

"இது நம்ம பக்கத்துத் தோலு தம்பி," என்றவள், தையல் முடியும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொல்லி, இடது கைக்காரியான அவள் மட்டும் போடும் மூன்று முடிச்சு அங்கே இருந்தது.

"நன்றி வந்து சேர்ந்திடுச்சுனு அப்பாகிட்ட சொல்லிடு," என்றாள்.

சாயங்காலம் மாதனூரில் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கினாள். வேப்பமரத்தடியில், ரோடெலின் முகஜாடையில், அந்தக் காலத்துக் கப்பல்காரர் உடுப்பில் ஒருவர் வெறுங்காலோடு நின்றிருந்தார். கக்கத்தில் அதே வாள், கையில் அறுந்த வார்.

ஜாஸ்மின் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, தன் தோள்பையின் வாரை அவிழ்த்து, ஊசியில் நூல் கோத்தாள்.