ஆண்டி வாயில் சுருட்டு

"ஆண்டி, வாயில என்னடா?"

கிணற்று மேட்டிலிருந்து சென்னிமலைக் கவுண்டர் போட்ட சத்தத்தில், புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். நாலு பேர் சுருட்டைக் கீழே போட்டார்கள். ஆண்டி மட்டும் போடவில்லை. பயத்தில் அதை வாயிலிருந்து எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

கவுண்டருக்கு மானமே போய்விட்டது. அதுவும் தங்கை புருசன் சண்முகவேல் பக்கத்தில் நிற்கும்போது.

இந்த ஆண்டியைக் காட்டத்தான் மாப்பிள்ளையைப் பங்குனி வெயிலில் வரப்பு வரப்பாக நடத்திக் கூட்டி வந்திருந்தார். சண்முகவேல் ஒரு நாளைக்குப் பத்துச் சுருட்டு இழுக்கிற ஆள். மனுசன் விடிய விடிய இருமுகிறார், அண்ணன் சொன்னாலாவது கேட்பார் என்று தங்கை சௌந்திரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்லி அனுப்பியிருந்தாள்.

விடச் சொன்னால் சண்முகவேலிடம் ஒரே பதில்தான். "அதெல்லாம் மனுசனால ஆகற காரியமாங்க மச்சான்?"

"எங்க ஆண்டி உட்டானே மாப்பிள்ளை" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார் கவுண்டர். "இருமி இருமி ரத்தமே வந்துருச்சு. அவன் பொண்டாட்டி சின்னாயி எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னு அழுதா. போன வைகாசித் தேருக்கு நானே திருச்செங்கோட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, அறுபதாம் படியில நிறுத்தி, இனிப் புகையிலையத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ண வெச்சேன். பத்து மாசமாச்சு. தொடலையே."

திருச்செங்கோட்டு மலையில் அறுபதாம் படிச் சத்தியம் என்றால் அந்தப் பக்கத்தில் அப்புறம் பேச்சே கிடையாது. பெரிய பெரிய வழக்கெல்லாம் அந்தப் படியில் முடிந்திருக்கிறது. அங்கே சொன்னதை மீறினவனோடு ஊரில் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"அது மட்டுமில்லீங்க மாப்பிள்ளை. சுருட்டை உட்டதுல இருந்து கெணறு வெட்டறதுல ஒண்ணரை ஆளு வேலை செய்யறான். மத்தவனுகெல்லாம் சுருட்டுக்குன்னு பொழுதுக்கு நாலு தரம் கெணத்தை உட்டு மேல வந்துருவானுக. எங்கப்பன் காலத்துல இருந்து அதுக்கு மட்டும் நாங்க தடை சொல்றதில்லை. இவனுக்கு அந்த வேலையே இல்லை பாருங்க. உள்ளயே நின்னு பாறை ஒடச்சுட்டு இருப்பான்."

அந்த ஒண்ணரை ஆள்தான் இப்போது மரத்தடியில், வாயில் சுருட்டோடு நிற்கிறான்.

சண்முகவேல் மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து நிதானமாகப் பற்ற வைத்துக்கொண்டார். கவுண்டருக்கு அது போதாதா?

"படியில நின்னு சத்தியம் பண்ணின நாக்குடா அது. வெக்கமா இல்லை உனக்கு? நாளையில இருந்து என்ற தோட்டத்துல கால் வெக்காதே. உன்ற பொண்டாட்டியும் வரக் கூடாது."

ஆண்டி அதை வாயிலிருந்து எடுத்தான்.

"நான் சத்தியம் தப்பலீங்க பண்ணாடி."

"கையில வெச்சுக்கிட்டே சொல்றியே. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

எட்டிப் பிடுங்கினார். சூடே இல்லை. பிடித்த பிடியில் அது பொடிந்தது. பிரித்துப் பார்த்தார். காய்ந்த வாழைச்சருகு. அதற்குள்ளும் வாழைச்சருகு. அதற்குள் ஒன்றுமே இல்லை. மோந்து பார்த்தார். புகையிலை வாடையே கிடையாது.

சண்முகவேலும் வாங்கி மோந்து பார்த்தார். பிறகு ஆண்டியை ஏற இறங்கப் பார்த்தார். நாலு பேர் ஊதுகிற புகைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு வெறும் சருகைக் கடித்துக்கொண்டிருக்கிறான். சத்தியத்தைக் காப்பாற்ற இவ்வளவு பாடா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் மேலேயே கோபமும் வந்தது.

அப்போதுதான் பற்ற வைத்த சுருட்டைக் கீழே போட்டுச் செருப்புக் காலால் தேய்த்தார். மடியிலிருந்த சுருட்டுக் கட்டு முழுவதையும் எடுத்து எருக்குழிப் பக்கம் வீசினார்.

"மனுசனால ஆகற காரியமாட்டத்தான் இருக்குதுங்க மச்சான்" என்றார்.

கவுண்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போன மானம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. வேலையை விட்டு நிற்கச் சொன்னதெல்லாம் அவருக்கே மறந்து போயிற்று. சிரித்தபடி ஆண்டியின் தோளைத் தட்டினார்.

"நீதான்டா ஆம்பளை. அது சரி, எதுக்குடா இந்த வேசம்? சருகைச் சுருட்டி வாயில வெச்சுக்கிட்டு?"

ஆண்டி தலையைக் குனிந்துகொண்டான். பண்ணாடி சிரிக்கும்போது அதைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

கிணற்று வேலையைக் கவனித்துக்கொள்கிற கந்தப்பன்தான் முன்னால் வந்தார். கவுண்டர் சொல்லை இத்தனை வருசத்தில் ஒரு தடவைகூடத் தட்டாதவர்.

"நான்தானுங்க பண்ணாடி தெனமும் சுருட்டிக் குடுக்கறேன். போன வாரம் இவன் கெணத்துக்குள்ளயே மயங்கி உழுந்துட்டானுங்க. வாயில சுருட்டு இல்லாதவன் எவனும் நெழல்ல ஒக்காரக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கறீங்க. இவனைச் சித்த நேரம் ஒக்கார வெக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியலீங்க."