எபோவுக்குத் தோதான மாதம்

"ஜூலை வேண்டாம் அராபா. மழை. போன தடவை டாக்ஸி சேத்துல மாட்டி, உன் அண்ணி செருப்பைக் கையில தூக்கிட்டு நடந்தாளே, மறந்துட்டியா?"

டொரன்டோவிலிருந்து எபோவின் குரல் துல்லியமாகக் கேட்டது. சொந்த ஊரான சால்ட்பாண்டில்தான் மழை தகரக் கூரையைப் பேயாய் அறைந்துகொண்டிருந்தது. அராபா கைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கெங்கே கொழுக்கட்டைக்குப் புளித்த மக்காச்சோள மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். எதிரே முக்காலியில் எஃபுவா அத்தை, அப்பாவின் தங்கை, காய்ந்த வாழை இலைகளை ஈரத்துணியால் துடைத்து அடுக்கினாள்.

"அப்ப ஆகஸ்ட்ல வாண்ணே. மழை விட்டுடும், வெயிலும் உறைக்காது. பிள்ளைங்களுக்கும் ஸ்கூல் லீவுதானே?"

"ஆகஸ்ட்ல நாங்க கிரீஸ் போறோம். ஜனவரியிலயே புக் பண்ணியாச்சு."

"கிரீஸா? அங்க யாருடி இருக்கா இவனுக்கு?" என்றாள் அத்தை.

அராபா உதட்டில் விரல் வைத்தாள். மூக்கின் கீழே மாவு ஒட்டிக்கொண்டது.

"அக்டோபர்?"

"மறுபடியும் மழை பிடிச்சுக்கும். கொசு வேற. சின்னவனுக்கு மலேரியா வந்தா யார் பாக்கறது?"

"சரி, கிறிஸ்துமஸ் கூட்டமெல்லாம் முடியட்டும், ஜனவரியில வா."

"ஐயோ, அந்த வறட்டுக் காத்தா? ஹர்மட்டான் அடிச்சா பத்தடி தள்ளி நிக்கற ஆளு தெரியாது. உதடெல்லாம் வெடிச்சிடும். புழுதியில ப்ளேனையே நிறுத்திடுவான்."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. இலைக்கட்டைத் தரையில் போட்டுவிட்டுக் கைபேசியை நோக்கிக் குனிந்தாள்.

"டேய் எபோ! நீ பொறந்த அன்னிக்கு இந்த ஊரே வெள்ளத்துல மிதந்துச்சு. உங்கப்பன் இடுப்பளவு தண்ணியில மருத்துவச்சியைத் தோள்ல தூக்கிட்டு வந்தான். இது மழைக்காலமா, காத்துக்காலமான்னு அவன் பாத்துட்டு நிக்கலை!"

"அத்தை, கோவப்படாதீங்க. வரமாட்டேன்னா சொன்னேன்? வர்றதுதான் வர்றோம், நல்ல சமயமாப் பாத்து வரலாமேன்னு..."

இந்த 'நல்ல சமயம்' அராபாவுக்குப் பழகிப்போனது. அம்மா போனபிறகு எபோ ஒரே ஒருமுறைதான் வந்தான். அதன்பின் வருஷா வருஷம் இதே பேச்சுதான். அப்பா மட்டும் சலிக்காமல், "எல்லா மாசமும் நல்ல மாசம்தாண்டா, நீ வா" என்பார். இணைப்பு அறுந்த பிறகும் கொஞ்ச நேரம் கைபேசியைக் காதிலேயே வைத்திருப்பார். இந்த வருஷம் ஈஸ்டருக்கு வருவதாக எபோ சத்தியம் செய்திருந்தான். அப்பா நாவிதரை வீட்டுக்கே வரவழைத்து முடிவெட்டிக்கொண்டார். கடைசி நேரத்தில் வேலையில் அவசரம் என்று பயணம் ரத்தானது.

"டிசம்பர்!" என்றான் எபோ, புதையல் கிடைத்தவன் போல. "டிசம்பர்தான் சரி. வானம் பளிச்சுன்னு இருக்கும். வெளிநாட்டுல இருக்கற நம்ம ஆளுங்க எல்லாரும் ஊர்ல இருப்பாங்க. அப்பா வீட்டுக்கு வர்ற அன்னிக்குத் தெரு அடைச்சுப் பந்தல் போடு. பேண்டு வாத்தியத்துக்கு இப்பவே சொல்லி வை. அப்பாவுக்கு நான் பண்ற விசேஷம், ஊர் பேசணும்."

"டிசம்பர் ரொம்பத் தள்ளி இருக்குண்ணே. அதுவரைக்கும் அப்பா ஆஸ்பத்திரியிலயே கிடக்கணுமா?"

"ஏன், அங்க நல்லா பாத்துக்கறாங்கதானே?"

"பாத்துக்கறாங்க."

"அப்புறம் என்ன? இத்தனை நாள் காத்திருந்தவர் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்க மாட்டாரா?"

அராபாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

"காத்திருப்பார்ணே."

"அதான் என் தங்கச்சி!" என்று சிரித்துவிட்டு எபோ வைத்தான்.

"நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருக்கலாமில்ல? வாயில என்ன கெங்கேயா வச்சிருந்தே?" என்று அத்தை சீறினாள்.

"கேட்டா, அதையே சாக்கா வச்சு டிசம்பருக்கும் வரமாட்டான் அத்தை."

அத்தை துடைத்த இலையையே மறுபடி துடைத்தாள்.

மழை தூறலாய்க் குறைந்ததும் அராபா குடையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் குவான்சா, பின்கட்டுத் தாழ்வாரத்தில் வறுத்த நிலக்கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"வாம்மா. அண்ணன் ஏதாவது முடிவு சொன்னாரா?"

"டிசம்பர்ல வர்றாராம். அதுவரைக்கும் அப்பா இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டார்."

"டிசம்பரா?" குவான்சா தலையைச் சொறிந்தார். "இருக்கட்டும். கரண்ட்தான் அடிக்கடி போயிடுது. ஜெனரேட்டர் போட்டுச் சமாளிச்சுக்கறோம். வந்தது வந்தே, ஒரு பார்வை பாத்துட்டுப் போறியா?"

அவள் தலையசைத்தாள்.

குவான்சா பிணவறையின் கதவைத் திறந்து, சுவரோடு இருந்த இரும்பு இழுப்பறைகளில் ஒன்றை வெளியே இழுத்தார். ஈஸ்டர் பயணம் ரத்தான வாரமே கண்ணை மூடிவிட்ட அப்பா, இமைகளில் பனி படியக் கிடந்தார், மகனுக்குத் தோதான மாதத்துக்காக.