கதீஷுக்குப் பத்துப் பேர்

தந்தியைப் படித்ததும் தபால் நிலையத்தில் நின்றபடியே சிரித்துவிட்டேன்.

தம்பி ஆன்ஷெல் பாரிஸிலிருந்து அடித்திருந்தான். "சட்டம் நிறைவேறியது. ஒரு நாடுகூட எதிர்க்கவில்லை. இன்றே பத்துப் பேரைக் கூட்டி அம்மாவுக்குக் கதீஷ் சொல்லச் செய். பின்காஸ் ஓதட்டும். இழுக்க விடாதே."

தந்தியில்கூடப் பின்காஸைச் சீண்டாமல் அவனால் இருக்க முடியாது. எங்கள் ஜெபக்கூடத்தில் பின்காஸ் ஓத ஆரம்பித்தால், வீட்டில் சூப் ஆறிப்போய்விடும்.

ஆன்ஷெல் வழக்கறிஞர். ஓர் இனத்தையே பூண்டோடு அழிப்பது குற்றம் என்று உலகச் சட்டத்தில் எழுத வேண்டும். மூன்று வருடமாக அவனுக்கு வேறு பேச்சே இல்லை. தூதர்கள் சாப்பிடுகிற இடத்தில் போய் நிற்பான். அவனைக் கண்டதும் பின்படி வழியாக நழுவியவர்கள் உண்டு. விடமாட்டான். மறுநாள் பின்படியில் நிற்பான்.

கதீஷ் என்பது இறந்தவர்களுக்காகச் சொல்வது. எங்கள் யூத வழக்கத்தில் அதற்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் வாயைத் திறக்க முடியாது. பெண் என்பதால் நான் கணக்கில் சேர மாட்டேன்.

கிளம்பினேன்.

தையற்காரர் லெய்ஸர் ஒருவர். ரஷ்யாவிலிருந்து திரும்பி வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். மர ஆலைப் பக்கம் காது கேட்காத கிழவர். பக்கத்து ஊரிலிருந்து கால் ஊனமான ஒருவரைக் கெஞ்சி வண்டியில் ஏற்றி வந்தேன்.

ஐந்து.

மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கியது. ஆறாவது ஆள் இல்லை.

லெய்ஸர் பல்லிடுக்கிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார். "ஏங்க்கா, அம்பது நாட்டுக்காரனயும் கை தூக்க வெச்சாரு உங்க தம்பி. நம்ம ஊர்ல பத்து ஆம்பள இல்லன்னு அவருக்குத் தெரியாதா?"

தெரியும். எல்லாரையும்விட அவனுக்குத்தான் தெரியும்.

போர் முடியும்வரை காட்டில் ஒளிந்திருந்துவிட்டு ஊர் திரும்பியதும், கொல்லப்பட்டவர்களின் பெயர்களைத் தெருத் தெருவாக எழுதி அவனுக்கு அனுப்பியவள் நான். அந்தத் தாள்களைத்தான் ஒவ்வொரு மந்திரி முன்னாலும் அவன் வாசித்தான். கேட்க மறுத்தவர்களுக்கு நின்றுகொண்டே வாசித்தான்.

திரும்பவும் தபால் நிலையத்துக்கு வந்தேன்.

"பதில் இருந்தா சீக்கிரம் எழுதிக் குடுங்கம்மா, கதவ சாத்தணும்" என்றாள் தந்திக்காரப் பெண்.

பத்துப் பேர் இல்லை என்று எழுதினேன். எழுதியதைக் கோடு போட்டு அடித்தேன்.

எங்கள் தெருவின் தாளில் முதல் பெயர் அம்மா. இரண்டாவது, அடுத்த வீட்டுப் பின்காஸ்.

அதை நூறு முறையாவது உரக்க வாசித்தவன் ஆன்ஷெல். ஜெயித்த சந்தோஷத்தில் இன்றைக்கு ஒரு நாள் மறந்திருக்கிறான். காலையில் சிரித்தபோது எனக்கும்தான் மறந்திருந்தது. அந்த ஒரு நொடி எவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

புதுத் தாள் வாங்கினேன்.

"எல்லாரும் வந்தார்கள்" என்று எழுதினேன். "பின்காஸ் இழுத்துத்தான் ஓதினார்."