கேட்டில் கட்டிய வேப்பிலை

வாடிப்போன வேப்பிலைக் கொத்தை அவிழ்த்துவிட்டு, கேட் கம்பியில் புதுக்கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள் மௌனிகா.

அந்த வீட்டில் யாருக்கும் அம்மை போடவில்லை. சத்தியமாக இல்லை.

உள்ளே அவள் புருஷன் மோகனசுந்தரம் படுத்திருந்தான். மாற்றுக் கிட்னி வைத்து இரண்டு மாதமாகிறது. புதிதாக வந்ததை உடம்பு தள்ளிவிடாமலிருக்க வேளாவேளைக்கு மாத்திரை. அந்த மாத்திரைகளே உடம்பின் காவலையும் கட்டிப்போட்டுவிட்டன. நமக்கு ரெண்டு தும்மலோடு போகிற வைரஸ் இவர் உயிருக்கே வினையாகும், யாரையும் அண்டவிடாதீர்கள் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டுமே! நாங்கள் என்ன நோய் பிடித்தவர்களா என்று கோபித்துக்கொண்டார்கள். கோபத்தோடேயே உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, அவன் கன்னத்தைத் தடவி, மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனார்கள்.

பங்குனி வெயில் ஏறியது. அவர்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையில் அங்கங்கே அம்மை கண்டிருந்தது. மௌனிகாவுக்கு வழி கிடைத்துவிட்டது. வேப்பிலை கட்டிய வாசலை யார் தாண்டுவார்கள்? பத்து நாளாக ஈ காக்காய் வரவில்லை.

ஆனால் ஆத்தா பெயரில் அல்லவா பொய் சொல்லியிருக்கிறாள்! விடிந்தால் முதல் வேலையாக அவன் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்கிறாள். ஒரு வேர்க்குரு தெரிந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

திரும்பினால் நாத்தனார் செல்லாத்தாள். பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கி, நுங்குப் பையோடு நிற்கிறாள். மூக்கு சிவந்து, குரல் கட்டியிருக்கிறது. இவளையா வாசலில் நிறுத்துவது? எந்த வாயால் சொல்வது?

மௌனிகா வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. வேப்பிலையைப் பார்த்ததும் செல்லாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி பின்வாங்கினாள்.

"தம்பிக்கா அம்மிணி?"

மௌனிகா தலையாட்டினாள். பாவி, ஆட்டியேவிட்டாள்.

செல்லாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பயப்படாத கண்ணு. மாரியாத்தா நோம்பிக்கு நான் பூவோடு எடுக்கறேன்னு ஆத்தாகிட்டச் சொல்லிப்போடறேன்."

நெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு ஊரைச் சுற்றி வரப்போகிறாளா, இந்த உடம்போடு?

நுங்குப் பையைக் கீழே வைக்கக் குனிந்தவள் இடது விலாவைப் பிடித்துக்கொண்டாள். தம்பிக்காக அறுத்துக் கொடுத்த இடம். தையல் இன்னும் இழுக்கிறது.

பிறகு மெல்லத் திரும்பி நடந்தாள்.

வேப்பிலையைப் பிய்த்தெறிந்துவிட்டு அவளைக் கூப்பிட்டுவிடலாம் என்று மௌனிகா முடிச்சில் கை வைத்தாள்.

தெருமுனையில் செல்லாத்தாள் நின்று இருமினாள். இருமல் நிற்கவேயில்லை.

மௌனிகா அந்த முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.